கறுப்பு மருதாணி என்றொரு பொய்ப்பெயர்

மேற்கையில் வரைந்த மயில். வரைந்து கால்மணி நேரத்தில் கருகருவென்று ஆகிவிட்டது. ஒரு வாரம் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டியாயிற்று. பிறகு குளிக்கக் குளிக்க மங்கி, இருந்த இடம் தெரியாமல் போனது. பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அதே இடத்தில் அரிப்பு எடுக்கிறது. சொறியச் சொறியத் தோல் தடிக்கிறது. மறுநாள் பார்த்தால் மயில் திரும்பி வந்திருக்கிறது. கொண்டை, கழுத்து, தோகையின் ஒவ்வொரு கண்ணும் போட்ட கோடு பிசகாமல் அப்படியே. இந்த முறை அதை வரைந்திருப்பவை சிவந்த தடிப்பும் நீர்க்கொப்புளங்களும்.

தோல் மருத்துவ இதழ்களைப் புரட்டினால் இத்தகைய படங்களுக்குப் பஞ்சமில்லை. தேள், டிராகன், டால்பின், யாரோ ஒருவரின் பெயர் என்று எல்லாம் கொப்புளங்களால் எழுதப்பட்டிருக்கும். பாலித் தீவு, எகிப்து, துருக்கி, மொராக்கோ என விடுமுறைக்குப் போன இடத்தில் கடற்கரையோரம் வரைந்துகொண்டவர்கள் பலர். அவர்களில் பிள்ளைகள் நிறைய. பச்சை குத்தப் பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள், இது ஊசி இல்லாதது, இரண்டு வாரத்தில் போய்விடும், வரைந்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள். கடைக்காரர் சொன்ன பெயரும் பழக்கமான பெயர்தான்: பிளாக் ஹென்னா, கறுப்பு மருதாணி.

அப்படி ஒரு மருதாணி கிடையாது. மருதாணி இலையில் சாயம் தருவது லாசோன் என்ற ஒரே பொருள். உலர்ந்த இலையில் அது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தால் அதிகம். அது தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. முதலில் ஆரஞ்சு நிறம், ஒருநாள் இரண்டு நாள் கழிந்து செம்பழுப்பு, உள்ளங்கையில் நன்றாகப் பிடித்தால் கருஞ்சிவப்பு. அதற்கு மேல் அந்த இலையால் போக முடியாது. அம்மியில் கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அரைத்து, விரல்நுனிக்குத் தொப்பியும் உள்ளங்கையில் வட்டமும் வைத்து, விடியும்வரை கையை விரித்தபடி தூங்கிய தலைமுறைக்கு இது தெரியும். காலையில் யார் கை அதிகம் சிவந்தது என்றுதான் போட்டி நடக்கும். யார் கை கறுத்தது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தப் பொறுமைக்கு இன்று இடமில்லை. அதோடு உண்மையான அழகுக் காரணம் ஒன்றும் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமாகாது. உள்ளங்கைத் தோல் தடிமனானது, அங்கே மருதாணி ஆழமாகப் பிடிக்கும். புஜத்திலும் முதுகிலும் தோல் மெல்லியது, நிறம் வெளிறிப் போகும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த வெளிர் ஆரஞ்சு கண்ணுக்கே தெரியாது. பச்சை குத்தியதுபோல் பளிச்சென்று கறுப்பாக வேண்டும், உடனே வேண்டும், புகைப்படத்தில் விழ வேண்டும் என்றால் மருதாணியை நம்ப முடியாது. அதனால் வரைபவர் ஹேர் டையை நாடுகிறார். சிலர் மருதாணி விழுதில் கறுப்புச் சாயப் பொடியைக் கலக்கிறார்கள். சிலர் மருதாணியே சேர்க்காமல் டையைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் வரைந்துவிடுகிறார்கள். ஒரு பொருட்காட்சியில் நானே பார்த்தேன்: மேசைக்கு மேலே மருதாணி இலை படம் போட்ட பதாகை, மேசைக்கு அடியில் கிழித்துப் போட்ட ஹேர் டை உறைகள்.

அந்த உறைக்குள் இருக்கும் பொருளின் பெயர் பாராஃபினைலின் டயமின், சுருக்கமாகப் பிபிடி. இதன் பூர்வீகம் நிலக்கரித் தார். லண்டனில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளரின் மாணவரான வில்லியம் பெர்க்கின் 1856இல் கொயினா செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தார்ச்சாய வம்சத்தில் வந்ததுதான் பிபிடியும். 1863இல் ஹோஃப்மனே இதை விவரித்தார். நிறமற்ற இது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேரும்போது கறுக்கிறது. 1880களின் இறுதியில் விலங்கு ரோமத்துக்கும் இறகுக்கும் சாயமேற்ற இதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. அங்கிருந்து மனிதத் தலைக்கு வர அதிக காலம் பிடிக்கவில்லை. 1907இல் பாரிஸில் யூஜீன் ஷூலர் என்ற இளம் வேதியியலாளர் தயாரித்து முடிதிருத்துவோரிடம் விற்ற செயற்கைச் சாயத்திலிருந்து வளர்ந்த நிறுவனம்தான் இன்றைய லோரியால். நூறாண்டுக்கு மேலாகியும் நரையைக் கறுப்பாக்கும் நிரந்தரச் சாயங்களில் பெரும்பாலானவை பிபிடியையோ அதன் நெருங்கிய உறவினரையோ நம்பித்தான் இருக்கின்றன. இதற்கு நிகரான மாற்று இன்னும் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

இதன் ஆபத்தும் அன்றைக்கே தெரிந்ததுதான். அமெரிக்காவில் 1933இல் லாஷ் லூர் என்ற பெயரில் இமைக்கும் புருவத்துக்கும் போடும் சாயம் விற்கப்பட்டது. அதில் பிபிடி இருந்தது. போட்டுக்கொண்ட பெண்கள் சிலருக்குக் கண் புண்ணாகிப் பார்வை போனது, ஒருவர் இறந்தார். அன்றைய அமெரிக்க உணவு மருந்துச் சட்டத்துக்கு ஒப்பனைப் பொருள்களின் மேல் அதிகாரம் இல்லாததால் அரசால் அதைக் கடையிலிருந்து எடுக்க முடியவில்லை. பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைச் சாயம் போடும் முன்னும் போட்ட பின்னும் எடுத்த படங்களை அதிகாரிகள் ஒரு கண்காட்சியில் வைத்தார்கள். பத்திரிகைகள் அதற்குப் ‘பயங்கர அறை’ என்று பெயர் வைத்தன. 1938இல் புதிய சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் செய்த சமரசத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தார்ச் சாயத்தைத் தடை செய்தால் தலைச்சாயத் தொழிலே நின்றுவிடும். எனவே எச்சரிக்கையும் பரிசோதனைக் குறிப்பும் அச்சிட்டிருந்தால் தலைமுடிச் சாயத்துக்கு மட்டும் விலக்கு என்று விட்டுவிட்டார்கள். இமை, புருவத்துக்கு அந்த விலக்கு இல்லை. தோலில் படம் வரைவதற்கும் இல்லை. மருதாணியைக்கூட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தலைமுடிக்கு மட்டும்தான் அனுமதித்திருக்கிறது. ஆக, ஒரே பெட்டி, ஒரே பொடி. தலையில் தேய்த்தால் சட்டத்துக்கு உட்பட்டது, முன்கையில் தடவினால் சட்டத்துக்குப் புறம்பானது. பெட்டியை விற்கும்வரை எல்லாம் சரியாகவே இருக்கிறது. பெட்டி கிழிக்கப்பட்டுக் கோனுக்குள் போன பிறகு கேட்க ஆளில்லை. என் பார்வையில் இந்தப் பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது.

தலைக்கு ஆகும் பொருள் கைக்கு ஏன் ஆகாது என்று கேட்பது நியாயமான கேள்வி. முடி செத்த பொருள், தோல் உயிருள்ளது என்பது பதிலில் ஒரு பாதி. மறு பாதி, பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. தலைக்குப் போடும்போது சாயத்தோடு ஹைட்ரஜன் பெராக்ஸைடு உள்ள டெவலப்பரைக் கலக்கிறோம். பிபிடி வேகமாக மாறி, பெரிய மூலக்கூறுகளாகி, முடிக்குள் சிக்கிக்கொள்கிறது. அரைமணி நேரத்தில் அலசிவிடுகிறோம். உச்சந்தலைத் தோலில் கொஞ்சம் படும். அதைத் தோலின் நொதிகள் ஓரளவு செயலிழக்கச் செய்துவிடும். படம் வரைகிறவரோ பெரும்பாலும் டெவலப்பரைச் சேர்ப்பதில்லை. மாறாத பிபிடி காற்றுப் பட்டு மெல்ல மெல்லக் கறுக்கும். அதுவரை தோலுக்குள் ஊறிக்கொண்டிருக்கும். காய்ந்ததை உரித்து எடுப்பார்களே தவிர சோப்புப் போட்டுக் கழுவுவதில்லை.

அளவும் தப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் படும் கலவையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கறுப்பு மருதாணி ஓவியக் கலவை ஒன்றைச் சோதித்து 2002இல் வெளியான ஆய்வில் 15 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் அழகு நிலையங்களிலிருந்து திரட்டிய மாதிரிகளில் உச்ச அளவு 29.5 சதவீதம் என்று 2010இல் வந்த ஆய்வு சொல்கிறது. கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் கறுக்கும், நீண்ட நாள் நிற்கும் என்பது தொழில் கணக்கு. மனிதர்களுக்கு வேண்டுமென்றே ஒவ்வாமை உண்டாக்கிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1966இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வெளியிட்ட சோதனையில் 10 சதவீதப் பிபிடியைத் திரும்பத் திரும்ப ஒட்டியபோது உட்பட்ட அனைவருக்குமே ஒவ்வாமை வந்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத அந்தச் சோதனையை அதைவிட அதிக அளவில் தெருவோரம் காசு கொடுத்துச் செய்துகொள்கிறோம்.

இனி உடம்புக்குள் நடப்பது. பிபிடி மிகச் சிறிய மூலக்கூறு. தோலை எளிதில் ஊடுருவும். தனியாக அதை நோய் எதிர்ப்பு மண்டலம் பொருட்படுத்தாது. ஆனால் உள்ளே போய் வேதிமாற்றம் அடைந்து தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டதும் அந்தப் புரதம் அந்நியமாகத் தெரிகிறது. தோலில் காவல் நிற்கும் செல்கள் அதை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களுக்குக் காட்டுகின்றன. அந்தப் பொருளை மட்டுமே அடையாளம் காணும் டி அணுப் படை அங்கே உருவாகிப் பெருக ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். படை தயாராகித் திரும்பும்போது தோலில் பிபிடி மிச்சமிருந்தால் மங்கிய மயில் கொப்புளமாய் எழும்பும். மிச்சமில்லாவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனாலும் படை கலைவதில்லை. அடுத்த முறை பிபிடி பட்டால் பத்து நாள் காத்திருக்காது. ஒருநாள் இரண்டு நாளில், சிலருக்குச் சில மணி நேரத்திலேயே, தாக்கும்.

இந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கிறது. “போன வருஷமும் இதே ஆளிடம்தான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்பார்கள். போன வருஷத்துப் படம்தான் இந்த வருஷத்துக் கொப்புளத்துக்கு அடித்தளம் போட்டிருக்கும்.

விளைவுகளில் கொப்புளம் சின்னது. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பில் அது சில வாரத்தில் ஆறிவிடும். ஆறிய பிறகு படம் இருந்த வடிவிலேயே கருந்திட்டோ வெளிறிய திட்டோ மாதக்கணக்கில் தங்கும். குழந்தைகளுக்கு வெளிறல் அதிகம். சிலருக்குத் தழும்பு தடித்துக் கீலாய்டாகிறது. தோலுக்கு நிறம் தரும் செல்களையே பிபிடி அழித்துவிடுவதும் உண்டு. மேற்கு வங்கத்தில் ரசாயனத்தால் வெண்புள்ளி வந்த 864 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில் காரணங்களின் பட்டியலில் முதலிடம் ஹேர் டைக்குத்தான், கால்வாசிக்கும் மேல். வெண்புள்ளி விழுந்த பெண்ணை நம் ஊர்க் கல்யாணச் சந்தை எப்படி நடத்தும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது தொற்றாது என்று எத்தனை முறை சொன்னாலும்.

பெரிய விலையைக் கொடுக்க வேண்டிய நாள் இருபது முப்பது வருஷம் கழித்து வருகிறது. பன்னிரண்டு வயதில் கடற்கரையில் டிராகன் வரைந்துகொண்ட பையன் நாற்பதில் முதன்முதலாக நரையை மறைக்க உட்காருகிறான். மறுநாள் காலையில் நெற்றி வீங்கி, கண் திறக்க முடியாமல், காதோரம் நீர் வடிய எழுந்திருக்கிறான். டிராகனை அவன் மறந்திருப்பான். இத்தகைய எதிர்வினை மிகத் தீவிரமாகி மூச்சுக்குழல் வரை வீங்கினால் உயிருக்கே ஆபத்து. ஐரோப்பாவில் ஹேர் டை அட்டைப்பெட்டிகளில் இப்போது மூன்று செய்திகள் கட்டாயம்: 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது உரியதல்ல, தற்காலிகக் கறுப்பு மருதாணி ஓவியம் ஒவ்வாமை ஆபத்தைக் கூட்டும், முன்பு அதில் எதிர்வினை வந்திருந்தால் தலைக்குச் சாயம் போடாதீர்கள். தலைச்சாய நிறுவனம் தன் பெட்டியில் இன்னொருவர் செய்த ஓவியத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது என்றால் இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டி அணுக்கள் பிபிடியோடு நிற்பதும் இல்லை. அதே சாயலில் இருக்கும் பிற பொருள்களையும் எதிரியாகப் பார்க்கும். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன், சில சல்ஃபா மருந்துகள், கறுப்பு ரப்பரில் சேரும் சில பொருள்கள், அடர்நிறத் துணிகளில் உள்ள சில அசோ சாயங்கள் என்று பட்டியல் நீளும். எல்லோருக்கும் எல்லாமும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. ஆனால் முடிதிருத்தும் தொழிலுக்கோ பார்லர் வேலைக்கோ போக நினைக்கும் பிள்ளைக்கு இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் அந்தத் தொழிலே அடைபட்டுப்போகும். தோல் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு வருபவர்களில் உலகெங்கும் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கிலிருந்து ஆறு பேர் பிபிடிக்கு எதிர்வினை காட்டுகிறார்கள். அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006இல் இதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. யாரும் வாங்க விரும்பாத பட்டம்.

இதையெல்லாம் விடக் கொடுமையான அத்தியாயம் சூடானில் எழுதப்பட்டது. அங்கே பெண்கள் மருதாணியைக் கறுப்பாக்கப் பிபிடியைக் கலப்பது நெடுநாள் வழக்கம். கட்டி கட்டியாக இருக்கும் அதைக் ‘கல்’ என்று சொல்லிச் சந்தையில் விற்பார்கள். கார்ட்டூமில் 1984 முதல் 1989 வரை இதனால் நஞ்சேறி மருத்துவமனைக்கு வந்த 31 குழந்தைகளைப் பற்றிய அறிக்கை 1992இல் வெளியானது. சிலர் விழுங்கியவர்கள், சிலருக்குத் தோலில் பூசப்பட்டிருந்தது. முகமும் கழுத்தும் வீங்கி மூச்சடைத்ததால் 15 பேருக்குத் தொண்டையில் துளையிட வேண்டி வந்தது. சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 13 பேர் பிழைக்கவில்லை. வீட்டில் டை பாக்கெட் வைத்திருப்பவர்கள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

நம் பக்கம் பயம் வேறு திசையில் ஓடியது. 2012 ஆகஸ்டில் ரம்ஜானுக்கு முந்தைய இரவு, மருதாணி வைத்தவர்களுக்கு ஆபத்து என்று செல்போன் வழியே வதந்தி பரவி, சென்னையிலும் பிற ஊர்களிலும் பெண்களும் சிறுமிகளும் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். சிலருக்கு எரிச்சலும் அரிப்பும் இருந்தன. பலருக்கு இருந்தது பயம்தான். கோனில் சேர்க்கும் நீலகிரித் தைலமோ வேறு எண்ணெயோ அளவு மிஞ்சினால் எரியும், அது உண்மை. ஆனால் பிபிடி ஒரே இரவில் ஊரையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பொருள் இல்லை. அது ஒவ்வொருவராக, பத்து நாள் கழித்து, வேறு வேறு மருத்துவரிடம் போகவைக்கும். அதனால்தான் அது செய்தியாவதில்லை, வதந்தியாகக்கூட ஆவதில்லை.

அசல் மருதாணிக்கும் முழு நற்சான்று தர முடியாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு லாசோன் தோல்வழியே ஏறி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால் முழுக்க அப்பும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். அமேசான் பழங்குடிகள் உடலோவியத்துக்குப் பயன்படுத்தும் ஜகுவா என்ற காயின் சாறு நீலக்கறுப்பாகப் பிடிக்கும்; பிபிடிக்கு மாற்றாக இப்போது இணையத்தில் விற்கிறார்கள். அதற்கும் ஒவ்வாமை வந்தவர்கள் உண்டு. செடியிலிருந்து வந்தாலே தீங்கில்லை என்ற நம்பிக்கைதான் கறுப்பு மருதாணியை விற்றுக் கொடுக்கிறது.

இந்தியாவிலும் விதி இல்லாமல் இல்லை. பிபிடி உள்ள ஹேர் டையில் அதைக் குறிப்பிட்டு, இமைக்கும் புருவத்துக்கும் போட்டால் பார்வை போகலாம் என்று எச்சரித்து, காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ தடவி 24 மணி நேரம் பார்க்கும் முறையையும் அச்சிட வேண்டும். ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும். பத்து ரூபாய் உறையில் அந்த எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும் என்பது வேறு விஷயம். அந்தப் பரிசோதனை ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவரைத்தான் காட்டிக்கொடுக்கும். அவர்களிலும் சிலருக்கு மூன்றாம் நாள்தான் அரிப்பே தொடங்கும். முதன்முறை படுபவருக்குப் படை திரள இரண்டு வாரம் ஆகும்போது ஒருநாள் சோதனை என்ன சொல்லும்? கறுப்புக் கோனைக் கையில் சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

எதிர்வினை வந்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மஞ்சளும் எலுமிச்சையும் புண்ணை மோசமாக்கலாம். முகம், உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நேரே அவசர சிகிச்சைக்கு. ஆறிய பிறகு எந்த ஓவியத்தால் வந்தது என்று மருத்துவக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்வதும், பிற்காலத்தில் தலைக்குச் சாயம் போடும் முன் பார்லரில் சொல்வதும் முக்கியம். ஒவ்வாமையை உறுதிசெய்யத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனையில் 1 சதவீதப் பிபிடியைத்தான் வழக்கமாக ஒட்டுவார்கள். கறுப்பு மருதாணியால் பாதிக்கப்பட்டவர் என்று தெரிந்தால் இன்னும் நீர்த்ததில் தொடங்குவார்கள். அவ்வளவு ஆவேசமாக அந்தத் தோல் பதில் சொல்லும்.

மற்றபடி கோனைப் பார்த்ததும் கண்டுபிடிப்பது கடினம். பொருள் பட்டியல் ஒட்டாத கோன் என்றால் வேண்டாம். பெட்ரோல் போலவோ அம்மோனியா போலவோ நெடி அடித்தால் வேண்டாம். விழுது பச்சை கலந்த பழுப்பாக இல்லாமல் மையாக இருந்தால் நிச்சயம் வேண்டாம். எளிய வழி, எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும், எந்த நிறம் வரும் என்று வரைபவரிடமே கேட்டுவிடுவதுதான். “ராத்திரி முழுக்க இருக்கட்டும், நாளைக்குத்தான் சிவக்கும்” என்றால் கையை நீட்டலாம். “பத்து நிமிஷம் போதும்க்கா, கருகருன்னு ஆயிடும்” என்றால் இழுத்துக்கொள்ளலாம். அப்படியே வரையும் பெண்ணின் விரல்நுனிகளையும் ஒரு பார்வை பாருங்கள். மொத்தக் கடையில் டஜன் கணக்கில் வாங்கிய கோனில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்காது. நாளெல்லாம் அதைப் பிழிகிற கை அவருடையது. தோல் உரிந்து வெடித்திருந்தால், அது பனிக்காலத்து வெடிப்பாக இல்லாமல் இருக்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.